கிளட்ச்காரம்மா

மலைப்பாதையின் மூன்றாவது வளைவில்தான் அதைக் கவனித்தேன். ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் வீறிட்டது. வண்டி மட்டும் யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது போல அதே வேகத்தில் ஊர்ந்தது. கூடவே ஒரு வாடை. பிளாஸ்டிக் எரிவதும் முடி கருகுவதும் கலந்த வாடை. சன்னலை இறக்கிவிட்டு, வெளியே யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வளைவிலும் அதே வாடை இருந்தது.

நான் சிறப்பாசிரியர். பள்ளிக்கு வர முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் எழுத்துச் சொல்லித் தருவதும், கரண்டி பிடிக்க, பொத்தான் போட, சுவரைப் பிடித்து நிற்கப் பழக்குவதும் என் வேலை. ஒப்பந்தச் சம்பளம். வீடு கள்ளக்குறிச்சியில். எனக்கு ஒதுக்கியிருந்த பிள்ளைகளில் பாதிப்பேர் கல்வராயன் மலையில் இருந்தார்கள். பல வருடம் இருசக்கர வண்டியில்தான் போய்வந்தேன். நடைவண்டி, பாய், பிள்ளை சாய்ந்து உட்காரும் மரநாற்காலி எல்லாவற்றையும் அதில் கட்டிக்கொண்டு மலையேற முடியாமல் போனபிறகு, பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினேன். எனக்கு முன் மூன்று பேர் ஓட்டிய கார்.

கள்ளக்குறிச்சியில் ஒரு பெரிய பட்டறையில் காட்டினேன். அங்கிருந்தவர் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, கிளட்ச் முழு செட்டையும் மாற்ற வேண்டும், ஃபிளைவீலும் போயிருக்கும், கியர்பாக்ஸ் இறக்கும்போதே இன்னும் சிலதையும் மாற்றிவிடுவது நல்லது என்றார். அவர் சொன்ன தொகை என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மாதமும் முடியாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து சங்கராபுரம் தாண்டும்போது, கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக வெகுதூரம் ஊர்ந்ததில் பானெட் ஓரமாகப் புகை வந்தது. ஓரம் கட்டி நிறுத்தினேன். நிறுத்திய இடத்துக்கு எதிரே தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. பல வருடமாகக் கடந்துபோகும் இடம்தான். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இடுப்புக்கு அகலமான பெல்ட் கட்டிய ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார். வேலை இல்லாத பட்டறை என்று நினைத்திருந்தேன்.

அவர் நாற்காலியிலிருந்து எழவில்லை.

"கிளட்சு வாசன," என்றார். "பானெட்ட தொறக்காதீங்க. எங்க வூட்டுக்காரம்மா வரும், செத்த நில்லுங்க."

தண்ணீரோ தேநீரோ கொண்டுவரப் போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. உள்ளே நின்றிருந்த வேனின் அடியிலிருந்து ஒரு பெண் நகர்ந்து வெளியே வந்தார். நாற்பது வயது இருக்கும். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை. தலையைச் சுற்றி ஒரு துண்டு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. கழிவுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர், என்னிடம் எதுவும் கேட்காமல் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். எஞ்சினைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது மிதிகளை.

"பிரேக் ரப்பரு புதுசு மாரி இருக்குது. கிளட்சு ரப்பரு வழவழன்னு தேஞ்சி போச்சி. வண்டி போய்க்கினு இருக்கும்போது கால இதும்மேலயே வச்சிக்கினு இருப்பீங்களா சார்?"

"எப்பவாவது."

"எப்பவாவது வச்சா ரப்பரு இப்டி ஆவாதுங்க."

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அவருடைய கணவரிடம் திரும்பி, "அண்ணே, நீங்க ஒரு தடவ பாத்துடுங்களேன்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, வருத்தப்படவும் இல்லை. "நான் இங்க இருந்தே பாத்துட்டேன் சார். முதுகுல வட்டு விலகி நாலு வருசம் ஆவுது. குனிய முடியாது, தூக்க முடியாது. கியர்பாக்ஸ் வேல பூரா அவதான். கேட்டு சொல்றது மட்டும் நானு."

அந்த அம்மா இது காதில் விழாதது போல வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். கை பிரேக்கை முழுசாக இழுத்தார். எஞ்சினைப் போட்டு, நான்காவது கியரில் தள்ளி, கிளட்சை மெல்ல விட்டார். "நல்ல கிளட்சா இருந்தா எஞ்சினு இப்ப அமந்துபூடணும் சார். எண்ணுங்க." நான் மனதுக்குள் எண்ணினேன். ஐந்துவரை எஞ்சின் ஓடியது. அதற்குப்பிறகுதான் குலுங்கி நின்றது.

பிறகு எனக்குப் புரியும்படி சொன்னார். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு தட்டு இருக்கிறது. மிதியை விட்டால் அந்தத் தட்டை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், எஞ்சின் சுற்றுவது சக்கரத்துக்குப் போகும். மிதியின்மேல் காலை வைத்தே ஓட்டினால் பிடி பாதி தளர்ந்தே இருக்கும். தட்டு வழுக்கி வழுக்கித் தேயும். "உள்ளங்கைய தரையில தேச்சிக்கினே போற மாரி," என்றார். கள்ளக்குறிச்சிப் பட்டறையில் யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை.

"இன்னும் எவ்ளோ நாள் ஓடும்?"

"தரையில ஒரு பத்து நாளு ஓடும். மலைக்கு ஏத்தாதீங்க."

நான் தயங்கினேன். அடுத்த வியாழக்கிழமை கள்ளக்குறிச்சியில் அளவெடுக்கும் முகாம். மலையில் என்னிடம் படிக்கும் பதினான்கு வயதுப் பெண் ஒருத்திக்குச் சக்கர நாற்காலிக்கு அளவு கொடுக்க வேண்டும். சேராப்பட்டு வரைக்கும்தான் பேருந்து. அவள் ஊர் அங்கிருந்து உள்ளே. போன முகாமுக்கு அவளுடைய அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு ஜீப் மாறி வந்து சேர்வதற்குள் அளவெடுப்பவர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். அடுத்த முகாம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. இந்த முறை நானே கூட்டிவருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

இதையெல்லாம் சொன்னேன். அந்த அம்மா கணவரைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார்.

"சரி. போயித்தான் ஆவணும்னா, ஏறும்போது காலி வண்டியா ஏறுங்க. செகண்டு கியருக்கு மேல போவாதீங்க. வாசன வந்தா நிறுத்திடுங்க, ஆறினப்பறம் போங்க. இங்க வாங்க, இத பாத்து வச்சிக்குங்க."

பானெட்டைத் திறந்து, கியர்பாக்ஸ் பக்கத்தில் கிளட்ச் கேபிள் வந்து முடியும் இடத்தைக் காட்டினார். ஒரு சிறிய லீவர், அதன் நுனியில் ஒரு நட்டு. அதைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு ஏதோ விளக்கினார். நான் பார்த்தேன், ஆனால் மனதில் வாங்கவில்லை. மூடுவதற்கு முன் வண்டியின் பின்பக்கத்தையும் திறந்து பார்த்தார். நடைவண்டி, பாய், ஜாக்கி, சக்கரம் கழற்றும் ஸ்பேனர். மறுபடி முன்னால் போய் அந்த நட்டில் என்னவோ செய்தார். ஸ்பார்க் பிளக் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் தன் எண்ணை எழுதிக் கொடுத்தார்.

"எவ்ளோக்கா?"

"நட்ட திருப்பனதுக்கு இன்னா சார் காசு. வேல செய்யும்போது வாங்கிக்கிறேன்."

வியாழக்கிழமை விடியும்போதே கிளம்பிவிட்டேன். சொன்னபடி காலி வண்டியாக, இரண்டாவது கியரில், ஒவ்வொரு வளைவிலும் வண்டியை ஆறவிட்டு ஏறினேன். மேலே போய்ச் சேர வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் அதிகமானது. ஆனால் வாடை ஒருமுறைதான் வந்தது. அந்தப் பெண்ணின் ஊர், மலைமுகட்டைத் தாண்டி ஒரு பள்ளத்தில் இருக்கிறது. மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே பத்துப் பதினைந்து வீடுகள். அப்பா கேரளத்தில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். அம்மாவும் மகளும் தயாராக இருந்தார்கள். மகளுக்கு முகத்தில் பவுடர், தலையில் கனகாம்பரம். அம்மா அவளை இடுப்பில் தூக்கிவந்து பின் இருக்கையில் உட்காரவைத்து, விழாமல் இருக்க என் பாயைச் சுருட்டிப் பக்கத்தில் அண்டை கொடுத்தார்.

பள்ளத்திலிருந்து முகட்டுக்கு ஒரு கிலோமீட்டர் ஏற்றம். மலையிலேயே அதுதான் எனக்குப் பிடிக்காத ஏற்றம். பாதி போனதும் எஞ்சின் கத்தத் தொடங்கியது. வண்டி மெதுவாகி, நின்று, பின்னால் வழியத் தொடங்கியது. நான் கை பிரேக்கை இழுப்பதற்குள் அந்தத் தாய் கதவைத் திறந்து குதித்து, ஒரு கல்லைத் தூக்கிப் பின்சக்கரத்துக்குக் கீழே வைத்துவிட்டார். வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு நின்றார்.

கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லை.

"அந்தப் பாற மேல டவரு கெடைக்கும் சார்," என்றார். "அவுங்கப்பா கூட அங்கிருந்துதான் பேசுவேன்."

பாறை சாலைக்கு மேலே, நூறடி தள்ளி இருந்தது. அட்டையில் எழுதியிருந்த எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறைமேல் ஏறினார். நான் பானெட்டைத் திறந்து குனிந்தேன். காற்று பலமாக இருந்தது. அவர் மேலிருந்து கத்திச் சொன்னது எனக்குப் பாதிதான் கேட்டது.

"அந்தம்மா… எஞ்சின… கா மணி நேரம்…"

பின் இருக்கையிலிருந்து அந்தப் பெண் சொன்னாள். அவளுக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுத்தான் வரும். புதியவர்களுக்குப் புரியாது. எனக்குப் பழக்கம். "எஞ்சின அமத்திட்டு… கா மணி நேரம்… சும்மா இருக்கணுமாம்."

அப்படியே செய்தோம். கால் மணி நேரம் கழித்து மறுபடி பேச்சு தொடங்கியது. பட்டறை அம்மா கைப்பேசியில் சொல்வார், தாய் பாறையிலிருந்து கத்துவார், மகள் அதைத் திருப்பிச் சொல்வாள், நான் செய்வேன்.

"கேபிளு முடியிற எடத்துல… நட்டு… தெரியுதா."

தெரிந்தது. இப்போது நன்றாகவே தெரிந்தது.

"இந்த நட்டுக்கு ஸ்பேனர் இல்லையே, கேளு," என்றேன். அவள் கத்த முடியாது. நானே பாறையைப் பார்த்துக் கத்தினேன். பதில் வந்தது. மகள் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள்.

"ஸ்பேனர் இல்லன்னு… அவங்களுக்குத் தெரியுமாம். அன்னைக்கே டிக்கியில பாத்தாங்களாம். கையால திருவுற மாரிதான்… வச்சி விட்டாங்களாம். துணிய சுத்திப் புடிங்க சார்."

வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி முன்னால் போய் அவர் நட்டில் என்ன செய்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வண்டி எங்கே நிற்கும், நிற்கும்போது அதன் ஓட்டுநரிடம் என்ன இருக்காது என்பதையெல்லாம் அந்த அம்மா சங்கராபுரத்திலேயே யோசித்து முடித்திருந்தார்.

கைக்குட்டையைச் சுற்றி நட்டைப் பிடித்தேன். நகர்ந்தது. கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் மூன்று சுற்று என்று உத்தரவு. தேயத் தேயக் கேபிள் தானே இறுகிக்கொள்ளும், அதைத் தளர்த்தினால் தட்டின்மேல் பிடி திரும்பும் என்று பின்னால் ஒருநாள் விளக்கினார். அப்போது எனக்கு அது தேவைப்படவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. பயத்தில் இன்னொன்றும் திருப்பப் போனேன்.

"நாலு… வேணாம் சார். மூணுன்னுதான சொன்னாங்க," என்றாள் பின்னால் இருந்து. பானெட் மறைத்ததில் அவளுக்கு என் கை தெரியாது. நான் வாய்விட்டு எண்ணியிருக்கிறேன்.

அடுத்த சேதி வந்தது. இப்போது கியர் போடும்போது கரகரவென்று சண்டை போடும். அதனால் எஞ்சினை அணைத்திருக்கும்போதே முதல் கியரைப் போட்டுவிட்டு, கிளட்சை அடிவரை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். வண்டி துள்ளும், பயப்படக் கூடாது. காலை எடுத்தபிறகு மறுபடி அந்த மிதியின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பாரம் கம்மியாக இருக்கட்டும், நடக்க முடிந்தவர் நடந்து வரட்டும்.

நடக்க முடிந்தவர் பாறையிலிருந்து இறங்கிவந்தார். நான் சொன்னபிறகுதான் சக்கரத்துக் கல்லை எடுப்பதாகச் சொன்னார். சாவியைத் திருப்பினேன். வண்டி ஆட்டுக்கிடா போல ஒரு துள்ளு துள்ளி ஏறத் தொடங்கியது. ஏறியது. எஞ்சினின் சத்தமும் சக்கரத்தின் வேகமும் வெகுநாளுக்குப் பிறகு ஒன்றாகப் போயின. என் இடது காலைத் தரையோடு அழுத்தி வைத்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் அந்தப் பெண் இரண்டு கையாலும் முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, வண்டியைத் தானே இழுப்பது போல உட்கார்ந்திருந்தாள்.

முகட்டில் நிறுத்தினோம். சிறிது நேரத்தில் தாய் நடந்துவந்து சேர்ந்தார். ஒரு கையில் என் கைப்பேசி, இன்னொரு கையில் அந்தக் கல். "எறக்கத்துல வேணுமான்னு எடுத்தாந்தேன்," என்றார்.

வழியில் டவர் கிடைத்ததும் பட்டறைக்குப் போன் செய்து, மகள் எண்ணிச் சொன்னது உட்பட நடந்ததைச் சொல்லியிருந்தேன். சங்கராபுரத்துக்கு இறங்கியபோது பட்டறை அம்மா சாலையோரம் வந்து நின்றிருந்தார். நாங்கள் வருவதைப் பார்த்து, நிறுத்த வேண்டாம் என்று கையைக் காட்டினார். நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் சன்னலைப் பிடித்துக்கொண்டே கூட ஓடிவந்தார்.

"எஞ்சின அமத்தாதீங்க. சத்தம் சரியா இருக்குது. மூணாவது கியர்லயே போங்க, சிக்னல்ல நிக்காத மாரி பாத்து போங்க." பிறகு பின்னால் பார்த்து, "நீதான் எண்ணி சொன்ன பொண்ணா," என்றார். அவள் தலையாட்டுவதற்குள் கையை விட்டுவிட்டார்.

முகாமில் எங்களுக்கு முன்னால் நிறையப் பேர் இருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் அவள் முறை வந்தது. அளவெடுப்பவர் அவளுடைய அம்மாவிடமே எல்லாவற்றையும் கேட்டார். நாற்காலி எதற்கு, வீட்டுக்குள்ளா வெளியிலா. அம்மா பதில் சொல்வதற்கு முன் அவள் சொன்னாள். "எங்க ஊர்ல… மண்ணு ரோடு. சக்கரம் பெருசா வேணும். காலு வைக்கிற எடம்… மடக்கற மாரி." அவர் பேனாவை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். மீதிக் கேள்விகளையெல்லாம் அவளிடமே கேட்டார். எனக்கு அன்று அவள்மேல் உண்டான மதிப்பு, இரண்டு வருடம் பாடம் சொல்லிக் கொடுத்ததில் உண்டாகவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று இரவு அவர்கள் எங்கள் வீட்டில் தங்கினார்கள். காலையில் சேராப்பட்டுப் போகும் ஜீப்பில் ஏற்றிவிட்டேன்.

சனிக்கிழமை காரைப் பட்டறையில் விட்டேன். கியர்பாக்ஸை இறக்க இன்னொரு ஆள் வேண்டும், வெளியாள் வைத்தால் கூலி ஜாஸ்தியாகும், உங்களால் நாள் முழுக்க இருக்க முடியுமா என்று அந்த அம்மா முன்பே கேட்டிருந்தார். இருக்கிறேன் என்றேன். கைலியும் பழைய பனியனும் எடுத்துப் போயிருந்தேன்.

வேலை செய்யும்போது அவர் அதிகம் பேசுவதில்லை. ஜாக்கியில் தூக்கி, முட்டுக் கொடுத்து, அடியில் போனார். கையை நீட்டுவார், எந்த ஸ்பேனர் என்று சொல்லமாட்டார். நாற்காலியில் இருக்கும் கணவர் எனக்கு எண்ணைச் சொல்வார், நான் எடுத்துக் கொடுப்பேன். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றியதும், அது இருந்த இடம் மாறாமல், ஓர் அட்டையில் வண்டிப் படம் போல வரைந்து வைத்திருந்த கோட்டில் குத்தி வைத்தார். கடைசி போல்ட்டுக்கு முன்னால், "இப்ப வாங்க சார்," என்றார். நானும் அடியில் போனேன். ஜாக்கியின் மேல் பலகை, பலகையின் மேல் கியர்பாக்ஸ். என் வேலை அதைச் சாயாமல் பிடிப்பது. அது இத்தனை கனமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் தோளைக் கொடுத்து அதை முன்னும் பின்னும் அசைத்து, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போல உருவினார்.

"தனியா எப்டிக்கா இத இறக்கக் கத்துக்கிட்டீங்க?" என்று அடியில் படுத்தபடியே கேட்டேன்.

"களமருதூர்ல எங்க அப்பா வூட்ல ஆயில் எஞ்சினு இருந்துச்சி. நாத்து காயும்போது ரிப்பேர் ஆச்சின்னா ஆள் வர்ற வரைக்கும் நிக்க முடியாது. நானே பிரிப்பேன். இங்க கல்யாணம் ஆயி வந்து, இவரு வேல செய்யும்போது டீ எடுத்துக்கினு வந்து பாத்துக்கினே நிப்பேன். இவருக்கு முதுகு போனப்ப பட்டறைய மூடிடலாம்னாரு. நான்தான் ஒரு மாசம் பாக்கலாம்னேன்."

"வண்டி வந்துச்சா?"

"மொத ஆறு மாசம் வர்ல. வந்தவங்களும் இவரத் தேடிட்டு திரும்பிட்டாங்க." அடுத்த போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டார். "நீங்களும் தேடுனீங்கதான."

"ஆமாக்கா," என்றேன்.

கிளட்ச் தட்டை வெளியே எடுத்து வெயிலில் காட்டினார். தட்டில் பதித்த ஆணிகளைத் தொடும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அவர் நகத்தால் தடவிப் பார்த்தார். "இன்னும் ஒரு நூல் இருக்குது. ரிவிட்டு வெளிய வந்து ஃபிளைவீல கீறியிருந்தா உங்களுக்கு செலவு டபுளு. பொண்ணு நாலாவது சுத்து வேணாம்னு சொன்னதும் நல்லதுதான். கியரே விழாம அங்கயே நின்னிருப்பீங்க." அந்தத் தட்டு உரசும் கனமான எஞ்சின் சக்கரமான ஃபிளைவீலில் விரலை ஓட்டச் சொன்னார். வழவழப்பாக இருந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் போதும் என்றார். தட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டைத் திருப்பி, அதன் நடுவில் விரல் போல நீட்டியிருந்த தகடுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று ஓர் இரும்புப் பட்டையை வைத்துப் பார்த்தார். கணவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவரும் பார்த்தார்.

"இதுக்கு இன்னும் வயசு இருக்குது சார்," என்றார் கணவர். "மாத்த வேணாம்."

நான் கொஞ்சம் தைரியம் பெற்று, பழைய தட்டிலேயே புது லைனிங் ஒட்டிக் கொடுப்பார்களாமே, அது இன்னும் கம்மியாக இருக்குமே என்றேன்.

அந்த அம்மா கையை நிறுத்தினார். "தரையில ஓடற வண்டின்னா போட்டுடுவேன். நீங்க பிள்ளைங்கள ஏத்திக்கினு மலையில போறீங்க. ஒட்டன தட்டு ஏத்தத்துல சூடாயி பிச்சிக்கினா நான் இன்னா பதில் சொல்றது? பிரஷர் பிளேட்ல மிச்சம் ஆன காச இங்க போடுவோம். தட்டும் பேரிங்கும் புதுசு. மீதி பழசு."

அப்படித்தான் முடிவானது. கள்ளக்குறிச்சியில் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

மதியத்துக்குமேல் திரும்ப மாட்டினோம். புதுத் தட்டு சரியாக நடுவில் உட்கார வேண்டும், மயிரிழை விலகினாலும் கியர்பாக்ஸ் உள்ளே போகாது. அதற்கென்று அவர் ஒரு குச்சி வைத்திருந்தார். கொய்யாக் கிளையைச் சீவி, மின்கம்பி ஒட்டும் டேப்பைச் சுற்றிச் சுற்றிச் சரியான பருமனுக்குக் கொண்டுவந்த குச்சி. ஒவ்வொரு வண்டிக்கும் ஒன்று, மேலே பெயர் எழுதிச் சுவரில் தொங்கின. என் வண்டிக்கான குச்சியை எடுத்து நடுவில் செருகி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கணவர் நாற்காலியை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து பக்கத்தில் வந்தார். குனிய முடியாமல் நின்றபடியே, "வலது பக்கம் ஒரு இம்மி," என்றார். அந்த அம்மா நகர்த்தினார். "ம்."

கியர்பாக்ஸ் ஒரே தள்ளலில் உள்ளே போய் உட்கார்ந்தது. பிடித்துக்கொண்டிருந்த எனக்கே அந்தச் சத்தம் பிடித்திருந்தது. அந்த அம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

ஓட்டிப் பார்க்க அவரே கிளம்பினார். "நீங்க பக்கத்துல ஒக்காருங்க, கால் எங்க இருக்குதுன்னு பாருங்க," என்றார். அடிவாரம் வரை போய், முதல் ஏற்றத்தில் நடுவில் நிறுத்தினார். கை பிரேக் போட்டு, விட்டு, ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் எடுத்தார். மறுபடி நிறுத்தி மறுபடி எடுத்தார். கிளட்சை அழுத்துவதும் விடுவதும் தவிர அவருடைய இடது கால் மிதிக்குப் பக்கத்தில் தரையிலேயே இருந்தது. திரும்பும் வழியில், மேலே மலையைக் காட்டி, "அதுக்கப்பால எப்டி இருக்கும் சார்?" என்று கேட்டார். பதினெட்டு வருடமாக அடிவாரத்தில் இருந்தும் அவர் மேலே போனதே இல்லையாம். மலைக்குப் போய்வந்த வண்டிகள்தான் அவரிடம் வந்திருக்கின்றன. ஒருநாள் கூட்டிப்போகிறேன் என்றேன். பட்டறையை மூடிவிட்டா வருவது என்று கேட்டார்.

எங்கள் அலுவலகத்தில் இயன்முறை மருத்துவராக இருப்பவருக்கும் ஒரு பழைய கார் இருக்கிறது. அதன் கியர் சிக்கத் தொடங்கியபோது நான் இந்தப் பட்டறையைச் சொன்னேன். போனவர் அரை மணி நேரத்தில் எனக்குப் போன் செய்தார்.

"அங்க ஒரு பொம்பளதான் இருக்குதுங்க. மெக்கானிக்கு நாற்காலியில ஒக்காந்துக்கினு இருக்காரு. நான் திரும்பி வந்துக்கினு இருக்கேன்."

"எங்க வந்துட்டீங்க?"

"சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டு."

"அங்கயே நில்லுங்க," என்றேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவரை முன்னால் விட்டு நான் பின்னால் ஓட்டி, திரும்பவும் பட்டறை வாசலுக்குக் கொண்டுவந்தேன். அந்த அம்மா அவருடைய கார்க் கதவைத் திறந்து, எதுவும் நடக்காதது போல மிதிகளைக் குனிந்து பார்த்தார். நான் வண்டியில் வைத்திருந்த கைலியை எடுத்து உள்ளே போய்க் கட்டிக்கொண்டேன். கியர்பாக்ஸ் இறக்குவதாக இருந்தால் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே.